தார்ச்சாலையில் காய்ந்த வேப்பங்கொட்டை

என் வீட்டுக்காரர் மருந்தடிப்பதில் பெயர் எடுத்தவர். வலங்கைமான் பக்கம் எங்கள் ஊரைச் சுற்றியிருந்த நாலைந்து கிராமங்களில் நெல்லில் பூச்சி விழுந்தால் முதலில் அவருக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். தெளிப்பானை முதுகில் மாட்டுவார். துண்டை உயர்த்திப் பிடித்துக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார். பிறகு வயலில் இறங்கினால் கரை ஏறும்வரை ஒரே நடை. ஒரு குத்துப் பயிர்கூட விடாமல் நனைந்திருக்கும் என்று பண்ணை வீடுகளில் சொல்வார்கள். வேலை முடிந்தால் கூலியோடு ஒரு குவார்ட்டரும் கொடுப்பது வழக்கம். அது உள்ளே போனால் மருந்து முறிந்துவிடுமாம். கொடுத்தவர்களும் அதை நம்பினார்கள், குடித்தவர்களும் நம்பினார்கள்.

ஒரு கார்த்திகை மாதம் நடுப்பகலில் அவர் வரப்பிலேயே விழுந்தார். நான் ஊர் பால்வாடியில் டீச்சராக இருந்தேன். பிள்ளைகளுக்குச் சத்துமாவு உருட்டிக்கொண்டிருந்தபோது வந்து சொன்னார்கள். மாவுக் கையோடு ஓடினேன். வாயில் நுரை தள்ளியிருந்தது, சட்டை முழுக்க வேர்வை. வேனில் ஏற்றிக் கும்பகோணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூன்று நாள் அவர் என்னை யாரென்று கேட்டுக்கொண்டிருந்தார். நான்காம் நாள் தெளிந்து, "புள்ளைங்க சாப்பிட்டுச்சா?" என்றார். அதுவரை அழாதவள் அப்போது அழுதேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இவரு உடம்புல மருந்து ஊறிப்போயிருக்கும்மா. இந்தத் தடவை பொழைச்சுட்டாரு. இன்னொரு தடவை டப்பாவைத் தொட்டாருன்னா இங்க தூக்கிட்டு வராதீங்க, நேரா கோயிலுக்குக் கொண்டு போயிடுங்க" என்றார். என் கழுத்தில் கிடந்த ஜெபமாலையைப் பார்த்துத்தான் கோயில் என்று சொல்லியிருப்பார். மாதா கோயிலுக்குப் பின்னால்தான் எங்கள் கல்லறைத் தோட்டம். அந்தப் பேச்சு எனக்குக் கோபமாக இருந்தது. ஆனால் மறக்க முடியாதபடி சொன்னார் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அன்றிலிருந்து எனக்கு இருந்தது ஒரே வேலை. அவர் கை மருந்தில் படக்கூடாது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இதைச் சொல்வது சுலபம். மருந்தடி இல்லாவிட்டால் வருஷத்தில் பாதி நாள் அவருக்கு வேலை இல்லை. எங்கள் தெருவில் எல்லோருமே ஒரு காலத்தில் பண்ணைகளில் ஆளாக இருந்தவர்கள்தான். சொந்த நிலம் என்று யாருக்கும் கிடையாது. அந்தச் சமயத்தில் பண்ணை வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக மெட்ராஸுக்கும் அமெரிக்காவுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் என்றார்கள், பேங்க் என்றார்கள். பின்னால் நிலத்தைப் பார்க்க ஆள் இல்லை. அப்படிப் போன ஒரு வீட்டின் மூன்று மா, அதாவது ஓர் ஏக்கர், எங்களுக்குக் குத்தகைக்கு வந்தது. முதல் தடவையாக எங்கள் விதை, எங்கள் நாற்று. அவர் விடியற்காலையில் எழுந்து போய் வெறும் வயலைப் பார்த்துவிட்டு வருவார். பார்க்க அங்கே ஒன்றும் இருக்காது. இருந்தாலும் போவார்.

ஆனால் நெல் போட்டால் பூச்சி வரும். பூச்சி வந்தால் அவர் கை தெளிப்பானுக்குப் போகும். இதை நினைத்தே அந்தக் கோடையில் எனக்குத் தூக்கம் கெட்டது.

அப்போதுதான் வேளாண்மை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் மொபெட்டில் வந்து எங்கள் மகளிர் குழுவுக்குப் பயிற்சி கொடுத்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். சுடிதார் போட்ட அதிகாரியை எங்கள் ஊர் அன்றுதான் பார்த்தது. வேப்பங்கொட்டைக் கரைசல், நொச்சியும் எருக்கும் ஆடாதொடையும் போட்ட இலைக்கரைசல், இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல் என்று வரிசையாகச் சொன்னாள். வேப்பங்கொட்டையில் உள்ள கசப்பு பூச்சியை உடனே கொல்லாது, ஆனால் அதைத் தின்னவிடாது, வளரவிடாது, முட்டையிடவிடாது என்றாள். மண்ணுக்குக் கெடுதல் இல்லை, மீனுக்குப் பெரிய கெடுதல் இல்லை, அடிக்கிற மனுஷனுக்கும் கெடுதல் இல்லை. கடைசியாகச் சொன்னதைத்தான் நான் நோட்டில் இரண்டு கோடு போட்டு எழுதிக்கொண்டேன்.

குழுவில் இருந்த பெண்கள் பாதிப்பேர் டீக்காக வந்தவர்கள். நான் மட்டும் பிடித்துக்கொண்டேன். பிளஸ் டூ முடித்தவள் என்ற திமிர் எனக்கு எப்போதும் உண்டு. படித்தவள் சொன்னால் இன்னொரு படித்தவளுக்குத்தான் புரியும் என்று நினைப்பு.

ஆடி மாதம் வேப்பம்பழம் உதிர்ந்தது. வாய்க்கால் கரை, பள்ளிக்கூடத்துத் திடல், கோயில் மைதானம் என்று எங்கே மரம் நின்றதோ அங்கெல்லாம் குனிந்து பொறுக்கினேன். என் இரண்டு பெண்களும் பொறுக்கினார்கள். சாமியார் பூசை முடித்து வெளியே வந்து, "என்னம்மா, வேப்பம்பழ ஊறுகாயா?" என்று கேட்டார். பழத்தைப் பிசைந்து, தோலையும் சதையையும் அலசிவிட்டுக் கொட்டையை எடுத்தோம். இரண்டு சாக்கு சேர்ந்தது. அதைக் கோயிலுக்கு முன்னால் போகும் தார்ச்சாலையில் பரப்பினேன்.

நெல் விளைகிற ஊரில் தார்ச்சாலை பஸ்ஸுக்காகப் போட்டது என்று யாரும் நினைப்பதில்லை. அறுவடை முடிந்தால் பாதிச் சாலை நெல்லுக்கு, மீதிப் பாதிதான் பஸ்ஸுக்கு. தார் சுட்டால் நெல் சீக்கிரம் காயும். நானும் கல் வைத்து இடம் பிடித்து, கொட்டையை ஒரே கனமாகப் பரப்பி, மணிக்கு ஒரு தரம் காலால் துழாவி விட்டேன். சாயங்காலம் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினேன். ஆறு நாள் அப்படிச் செய்தேன். ஆறாம் நாள் காதருகே வைத்துக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வந்தது. நெல்லாக இருந்தால் அந்தப் பதத்துக்கு எந்த வியாபாரியும் குறை சொல்லமாட்டான். யூரியா சாக்கில் கட்டிப் பரண்மேல் ஏற்றினேன். எனக்கே என்னைப் பற்றிப் பெருமையாக இருந்தது.

சம்பா நட்டோம். ஆறு அந்த வருஷம் தாமதமாக வந்தது, ஆனாலும் வந்தது. பயிர் கருகருவென்று தூர் கட்டியது. கார்த்திகையில், அவர் போன வருஷம் விழுந்த அதே வாரத்தில், இலைச்சுருட்டுப் புழு இறங்கியது. இலையை நீளவாக்கில் மடித்துத் தைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்து பச்சையைச் சுரண்டித் தின்கிற புழு அது. தின்ற இடம் வெள்ளைக் கோடாகத் தெரியும்.

நான் சாக்கை இறக்கினேன். கொட்டையை உரலில் இடித்து, பழைய வேட்டித் துணியில் கட்டி, தண்ணீரில் ஊறப்போட்டேன். மறுநாள் அதைப் பிழிந்து வடிகட்டி, சோப்பைக் கரைத்து ஊற்றினேன். அவர் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்.

"என்னது, பூச்சிக்குக் கஷாயமா?" என்றார். "பத்தியம் ஏதும் உண்டா? புளி சேத்துக்கலாமா?"

"நீங்க சேத்துக்குங்க. பூச்சி எது குடுத்தாலும் வாய மூடிக்கிட்டு சாப்பிடும்."

சிரித்தார். அதே தெளிப்பானைச் சோப்புப் போட்டுப் பல தடவை கழுவிக் கொடுத்தேன். வெயில் தாழ்ந்தபின் அடிக்க வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள், அதன்படியே அடித்தார். முகத்தில் துண்டு கட்டாமல், மேல்சட்டை இல்லாமல், வாயில் வெற்றிலையோடு அவர் தெளிப்பானோடு நடந்ததை அன்றுதான் பார்த்தேன். நடுவில் பாட்டுக்கூடப் பாடினார். வரப்பில் நின்ற எனக்கு அப்படியொரு நிம்மதி. வாழ்க்கையில் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஐந்து நாள் போனது. புழு அசையவில்லை. இன்னும் ஐந்து நாளில் வெள்ளைக் கோடு வயல் நடுவரைக்கும் போயிருந்தது. மறுபடி இடித்தேன், மறுபடி ஊறப்போட்டேன், அளவைக் கூட்டிப் போட்டேன். பக்கத்து வயல்களில் மருந்து அடித்து முடித்திருந்தார்கள், அங்கே பயிர் பச்சையாக நின்றது. எங்கள் வயல் மட்டும் தூரத்திலிருந்தே நரைத்துத் தெரிந்தது.

அவர் கேலியை விட்டுவிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஒரே ஒரு தடவை" என்றார். "மூக்குல துணி கட்டிக்கிறேன். காலையில ஒரு மணி நேரம். அவ்வளவுதான்."

"வேணாம்."

"பயிரு போவுது, பாக்கலையா நீ?"

"பாக்குறேன். நீங்க வரப்புல கெடந்ததையும் பாத்தேன்."

மறுநாள் பால்வாடிக்குக் கிளம்பும்போது, தெளிப்பான் குழலின் நுனியில் இருக்கும் மூக்கைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு போனேன். மூன்று நாள் அதை அப்படியே இடுப்பில் வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தேன். அவர் நினைத்திருந்தால் எந்தப் பண்ணை வீட்டிலும் இரவல் வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. மூக்கு இல்லாத தெளிப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருந்தார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். என்மேல் அவருக்கு இருந்த மரியாதையா, உடம்பைப் பற்றிய பயமா, எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

வேறு ஆளை வைத்து அடித்திருக்கலாமே என்று பின்னால் பலர் கேட்டார்கள். நானும் யோசிக்காமல் இல்லை. அவரை விட்டால் எங்கள் தெருவில் மருந்தடிக்கத் தெரிந்தவர் அவருடைய தம்பிதான். ஒருநாள் காலையில் அந்த வீட்டு வாசலில் போய் நின்றேன். கொழுந்தன் கைக்குழந்தையை மடியில் போட்டுக் காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். "என்ன அண்ணி?" என்றார். கொஞ்சம் உப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான்காம் நாள் அதிகாரிப் பெண் வந்தாள். நான் சொல்லி அனுப்பியிருந்தேன். வந்தவள் வயலைப் பார்த்தாள், பிறகு மிச்சமிருந்த சாக்கைத் திறந்து கைநிறைய கொட்டையை எடுத்தாள். ஒன்றைப் பல்லால் கடித்து உடைத்தாள். உள்ளே பருப்பு பழுப்பாக இருந்தது.

"இது எங்கக்கா காய வச்சீங்க?"

"ரோட்டுலதான். ஆறு நாள். நல்லா காஞ்சுச்சு."

அவள் கையிலிருந்த கொட்டையைச் சாக்கிலேயே போட்டாள். "நெழல்ல காய வைக்கணுங்கா. இதோட சத்தே வெயில் பட்டா போயிடும். அதனாலதான் சாயங்காலம் அடிக்கச் சொன்னேன். உடைச்சா உள்ள பச்சையா இருக்கணும். இத அடிச்சா சோப்புத் தண்ணி அடிச்ச மாதிரிதான்."

பயிற்சியில் நிழல் என்று அவள் சொன்னாளா, எனக்கு நினைவில்லை. சொல்லியிருந்தாலும் காதில் ஏறியிருக்காது. எங்களுக்குக் காய்வது என்றால் வெயிலில்தான் காயும். நெல், உளுந்து, மிளகாய், வற்றல், பிள்ளை நனைத்த பாய், மழையில் மாட்டிய பாடப்புத்தகம், எல்லாம் போகிற இடம் ஒன்றுதான். நிழலில் ஒன்றைக் காயவைக்கிறவளைச் சோம்பேறி என்பார்கள். நான் சோம்பேறித்தனமாக அந்தக் கொட்டையைத் தாழ்வாரத்தில் ஒரு மூலையில் கொட்டிவிட்டு மறந்திருந்தால் பயிர் பிழைத்திருக்கும். அவ்வளவு பாடுபட்டு நானே அதன் சத்தை எடுத்திருக்கிறேன். என்மேல் எனக்கு வந்த ஆத்திரம் அடங்க வருஷக்கணக்கானது.

அவள் அலைந்து திரிந்து வேளாண்மை டிப்போவிலிருந்து வேப்பெண்ணெய் கொண்டுவந்து கொடுத்தாள். அது வருவதற்குள் மேலும் ஒரு வாரம் ஓடிவிட்டது. கதிருக்குப் பால் கொடுக்கிற மேல் இலை அதற்குள் வெளுத்திருந்தது. அறுத்தபோது பாதிக்குமேல் பதர். குத்தகை நெல்லை அளந்தது போக வீட்டுக்கு வந்ததைக் குதிரில் கொட்டக்கூட அவசியமில்லை, பானையே போதும்.

அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டி முடித்திருப்பேன். மாசிக் கடைசியில் ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார். "குத்தாலத்துல ஒருத்தரு ஆள் எடுக்குறாரு. அரபு நாட்டுக்கு. தோட்ட வேலையாம்."

"என்ன தோட்டம்?"

"பேரீச்சந்தோட்டம். தண்ணி கட்டுறது, களை எடுக்குறது. நமக்குத் தெரிஞ்சதுதானே." கொஞ்சம் பொறுத்து, "இங்க மருந்தடிக்க விடமாட்டேங்குற. வேற என்ன இருக்கு இங்க எனக்கு?" என்றார்.

அந்த வருஷங்களில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். திருப்பூர், சிங்கப்பூர், துபாய். இவரும் கிளம்பினார். மருந்துக்குத் தூரமாகத்தானே போகிறார் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். பிரிவு ஒரு பக்கம் வலித்தது, இன்னொரு பக்கம் அந்த நிம்மதியும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரு மனதில் இருக்கும் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

அடுத்த ஆடியில் பழம் பொறுக்கி, பால்வாடியின் உள்கூடத்தில் நிழலில் காயவைத்தேன். ஒரு மாதம் பிள்ளைகள் கொட்டைக்கு நடுவில்தான் படித்தார்கள். இந்த முறை துணியைப் பிழிந்தபோது கரைசல் பால்போல் வெள்ளையாக வந்தது. முதல் வருஷம் மங்கலாக வந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும் என்று அதைப் பார்த்ததும்தான் புரிந்தது. நான் விடாமல் வைத்திருந்த குத்தகை வயலில் கொழுந்தன் அடித்தார். புழு முழுக்கச் சாகவில்லை, ஆனால் தின்பதை நிறுத்தியது. பயிர் தப்பியது. மூன்றாம் வருஷம் எங்கள் தெருவில் எங்களைப்போல் குத்தகைக்கு எடுத்த பத்துப் பன்னிரண்டு பேர் மருந்துக் கடைப் பக்கம் போகவில்லை. குத்தாலத்திலிருந்தும் பெண்கள் பார்க்க வந்தார்கள். பயிற்சிக் கூட்டங்களில் என்னை மேடையேற்றிப் பேசச் சொன்னார்கள்.

நான் எப்போதும் தார்ச்சாலைக் கதையில்தான் ஆரம்பிப்பேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், ஏனென்றால் எல்லோரும் அதையே செய்திருப்பார்கள். பிறகு, "எங்க வீட்டுக்காரரு கையில வெஷம் படக்கூடாதுன்னுதான் இத ஆரம்பிச்சேன். இன்னிக்கு வரைக்கும் படல" என்று முடிப்பேன். கைதட்டுவார்கள்.

அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டுப் பேசுவார். சாப்பிட்டாயா, மழை உண்டா, பிள்ளைகள் படிக்கிறார்களா என்பதற்குள் நேரம் தீர்ந்துவிடும். வேலை எப்படி என்றால், "தோட்டந்தான், நெழலா இருக்கு" என்பார்.

ஐந்தாம் வருஷம் இரண்டாவது விடுமுறைக்கு வந்தார். மெலிந்திருந்தார். பயணக் களைப்பு என்றார். மூத்தவள் பிளஸ் டூ முடித்து நர்சிங்கில் சேர விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாள். ஒருநாள் மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்து அதை நிரப்பினாள். அவர் ஜன்னலோரம் படுத்திருந்தார். அப்பாவின் வேலை விவரத்தைச் சரியாக எழுத வேண்டும் என்று அவருடைய வேலை அட்டையைக் கேட்டாள். அவர் கண்ணைத் திறக்காமல் சட்டைப் பையைக் காட்டினார். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. அட்டையில் என்ன இருக்கிறது என்று அவர் நினைத்துப் பார்த்திருக்கமாட்டார்.

"அம்மா, இதுல பெஸ்ட் கன்ட்ரோல்னு போட்டிருக்கு. தோட்டம்னு எங்கயும் இல்ல."

நான் வாங்கிப் பார்த்தேன். அரபியிலும் இங்கிலீஷிலும் அச்சடித்து, நடுவில் அவர் படம் ஒட்டியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். பூச்சி மருந்து அடிப்பவர்.

அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"எத்தன நாளா?" என்றேன்.

"போய் எறங்குன நாள்லேருந்தே. அங்க என்ன தெரியும்னு கேட்டாங்க. தெரிஞ்சதச் சொன்னேன்."

"மொகத்துக்கு ஏதாச்சும் குடுக்குறாங்களா?"

"எல்லாம் குடுக்குறாங்க. மொகமூடி, கையொற, கோட்டு."

"போட்டுக்குறீங்களா?"

"அந்த வெயில்ல அதப் போட்டா மூச்சு விட முடியாது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்" என்றார். கோபமோ குத்தலோ அதில் இல்லை. தண்ணீர் கொடு என்பதுபோலச் சொன்னார்.

பெண் பேனாவைப் பிடித்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் என்ன எழுதட்டும்?" என்று கேட்டாள். விவசாயம் என்று எழுதச் சொன்னேன். எழுதினாள். கல்லூரியில் சேர்ந்தாள். இரண்டாமவள் அப்போது ஒன்பதாம் வகுப்பு.

அடுத்த மாதம் அவர் விடுமுறை முடிந்தது. போகாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்த நாட்கள் உண்டு. அவர் பதிலுக்கு என்ன கேட்பார் என்று தெரியும், அதற்கு என்ன சொல்வது என்பதுதான் தெரியவில்லை. பெட்டியை நான்தான் கட்டினேன். ஊறுகாய், வேட்டி, இருமலுக்கு மாத்திரை. திருச்சி விமான நிலையத்துக்கு நானும் போனேன். முன்னால் இரண்டு தடவை தெரியாமல் அனுப்பினேன். இந்தத் தடவை தெரிந்தே அனுப்பினேன்.